மின்மினி மாமாவின் பச்சை மை

பிறந்தநாள் விழாவிலிருந்து திரும்பிய குட்டி ஓடிவந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டபோது, மகளின் உள்ளங்கையிலிருந்து அவள் வேலை செய்யும் லேபின் வாசனை அடித்தது.

வேறு யாராக இருந்தாலும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். கேக்கின் இனிப்பு, வியர்வை, பலூன் ரப்பர் எல்லாவற்றுக்கும் அடியில் மெல்லிய நெடி ஒன்று இருந்தது. ஊறப்போட்டு மறந்துபோன துணியையும் ஆறிப்போன சூப்பையும் ஒன்றாகக் கலக்கினால் வருமே, அப்படி ஒரு நெடி. பாக்டீரியாவைக் குடுவை குடுவையாக வளர்க்கிறவர்களுக்குத்தான் அது தெரியும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் அந்த நெடியோடுதான் குடும்பம் நடத்துகிறாள் என்று லேபில் கிண்டல் செய்வார்கள்.

"கையில என்னடி இது?"

"மின்மினி மாமா பூசினாருமா. மாய மை. இரு, லைட்ட அணைச்சுட்டு காட்டறேன்."

குட்டி விளக்கை அணைத்தாள். விழாவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்திருந்த சின்ன ஊதா டார்ச்சை எடுத்து உள்ளங்கையில் அடித்தாள். ஒரு நட்சத்திரம் மஞ்சள் கலந்த பச்சையில் எரிந்தது. விரல் இடுக்குகளிலும் மோவாயிலும் அதே பச்சை. கீழுதட்டின் ஓரத்திலும் ஒரு கீற்று.

அவள் மகளின் கையை மூக்கருகே இழுத்து முகர்ந்தாள். ஹைலைட்டர் பேனா மையும் ஊதா வெளிச்சத்தில் இப்படித்தான் பளபளக்கும் என்று ஒரு கணம் தன்னைத்தானே சமாதானப்படுத்திப் பார்த்தாள். மூக்கு ஒப்புக்கொள்ளவில்லை.

"வாயில வெச்சியா?"

"கேக் சாப்பிட்டேன்ல."

மகளைக் குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போய் சோப்பு போட்டாள், மறுபடியும் போட்டாள். நகத்துக்கு அடியில் தேய்த்தபோது குழந்தை வலிக்கிறது என்று அழுதது. தேய்க்கிற வேகத்தில் இருந்த கோபம் மகள்மேல் இல்லை என்று சொல்லக்கூட அப்போது அவளுக்கு வாய் வரவில்லை. கணவரிடம் குழந்தையைக் கொடுத்துவிட்டு, "இவ டிரெஸ்ஸ தனியா ஊறப்போடுங்க" என்று மட்டும் சொல்லிச் செருப்பை மாட்டினாள்.

மின்மினி மாமா வேறு யாருமில்லை, அவளுடைய கூடப்பிறந்த தம்பி. பிள்ளைகளின் பிறந்தநாள் விழாக்களில் வித்தை காட்டுவது அவன் தொழில். தொப்பியிலிருந்து கைக்குட்டை எடுப்பான், காதுக்குப் பின்னாலிருந்து நாணயம் எடுப்பான். கொஞ்ச காலமாக இருட்டறையில் ஒளிரும் வித்தை என்று புதிதாக ஏதோ செய்வதாக அம்மா பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த மின்மினி என்ற பட்டமும் அதனால்தான் வந்தது. அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவள் லேபில் செய்வது வேறு வகை ஒளி. பாக்டீரியாவுக்குள் அதன் சொந்த மரபணுத் தொகுதி போக, தனியாக ஒரு சின்ன டி.என்.ஏ. வளையமும் இருக்கலாம். அதற்குப் பெயர் பிளாஸ்மிட். அந்த வளையத்தில் நமக்கு வேண்டிய மரபணுவை ஒட்டி உள்ளே அனுப்பினால், பாக்டீரியா முதலாளி யார் என்று கேட்காமல் அந்தப் புரதத்தைச் செய்து குவிக்கும். அவள் ஒட்டியது ஒளிரும் புரதத்தின் மரபணு. சாதாரண ஒளிரும் புரதம் புளிப்பேறிய, அதாவது அமிலம் கூடிய, இடத்தில் மங்கிவிடும். செல்லுக்குள் அப்படிப் புளிப்பான மூலைகள் உண்டு. அங்கே நடப்பதைப் பார்க்க வேண்டுமானால் மங்காத புரதம் வேண்டும். மரபணுவில் ஓர் எழுத்தை மாற்றுவது, மூடி போட்ட சின்ன வளர்ப்புத் தட்டில் வளர்ப்பது, பார்ப்பது, குப்பையில் போடுவது, மறுபடி மாற்றுவது என்று குட்டி பிறப்பதற்கு முன்பே தொடங்கிய வேலை இப்போதுதான் அந்த மஞ்சள்பச்சையில் வந்து நின்றிருந்தது. இன்னும் எங்கேயும் எழுதி வெளியிடவில்லை.

அந்த வளையத்தில் இன்னொரு மரபணுவும் உண்டு. ஒரு நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைத் தாங்கும் சக்தியை அது கொடுக்கும். வளர்க்கும் சூப்பில் அந்த மருந்தைக் கலந்துவிட்டால், வளையத்தைத் தொலைத்த பாக்டீரியா செத்துப்போகும், வைத்திருப்பது மட்டும் பிழைக்கும். இதை ஒருநாள் சாப்பாட்டு மேசையில் தம்பி கேட்கக் கேட்க அவள்தான் விளக்கமாகச் சொன்னாள். அக்கா வேலையில் இவனுக்கு இவ்வளவு அக்கறையா என்று உள்ளுக்குள் குளிர்ந்தும் போனாள்.

அவன் வீட்டுக் கதவைத் திறந்தது அம்மா. "வாடி, குட்டி வரலியா?" என்று கேட்டவளைத் தாண்டி அவள் நேரே சமையலறைக்குப் போனாள்.

ஃப்ரிட்ஜின் மேல், சூடு வரும் பின்பக்கமாக, குளிர்பான பாட்டில்கள் வரிசையாக நின்றன. உள்ளே கலங்கிய மஞ்சள்பச்சைத் திரவம். மூடிகளுக்குப் பதில் துணி கட்டியிருந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் கடையில் விற்கும் சூப் கட்டிகளின் காலி உறைகள். ஒரு தட்டில், பிரித்துப்போட்ட காப்ஸ்யூல் கூடுகளின் பாதிகள், பாதி சிவப்பும் பாதி மஞ்சளுமாக. மருந்துக் கடையில் தொண்டை வலிக்குக் கொடுக்கும் மருந்து. அவள் லேபில் கலப்பதற்கு ஒன்றுவிட்ட சகோதரன் போன்றது.

எவ்வளவு சரியாகக் கேட்டிருக்கிறான் என்று நினைத்தபோது கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

தம்பி கூடத்திலிருந்து வந்தான். விழாவுக்குப் போட்ட மினுமினுப்புச் சட்டையை இன்னும் கழற்றவில்லை. அவள் நின்ற இடத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

"எங்கேர்ந்து எடுத்த?"

"எத?"

"என்கிட்ட நடிக்காத."

"சாவி வாங்க உன் லேபுக்கு வந்தேன்ல, அன்னைக்கு. தட்டெல்லாம் லைட்டுல காட்டினியே. அப்புறம் நீ பைய எடுக்க உள்ள போன. பஞ்சுக் குச்சியால லேசாத் தொட்டேன். அவ்ளோதான்க்கா. உன் தட்டு அப்படியேதான் இருந்துச்சு."

"பஞ்சுக் குச்சி எங்கேர்ந்து வந்துச்சு?"

"பாக்கெட்ல இருந்துச்சு."

"அப்ப வீட்டுலேர்ந்து கெளம்பும்போதே குச்சியோட கெளம்பியிருக்க. சாவி சும்மா."

அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "வந்ததும் வராததுமா என்னடி பஞ்சாயத்து? ஒரு சொட்டு மைக்காகவா இந்தக் கத்து கத்தற? அவனுக்கு இப்பத்தான் நாலு பேர் கூப்பிட ஆரம்பிச்சிருக்காங்க."

"மையாம்மா இது? உயிரோட இருக்கற கிருமி. அதக் கொழந்தைங்க கையில பூசியிருக்கான். உன் பேத்தி அந்தக் கையால கேக் தின்னிருக்கா."

"நீயேதான சொன்ன, இது சாதுவான கிருமி, மனுஷன ஒண்ணும் செய்யாதுன்னு," என்றான் தம்பி. "நான் என்ன வெஷமா பூசினேன்?"

"நான் சொன்னது என் தட்டுல இருந்தத. உன் பாட்டில்ல இருக்கறத இல்ல."

"ரெண்டும் ஒண்ணுதான. அதே பச்சை."

"பச்சைதான்டா உன் கண்ணுக்குத் தெரியுது. இந்தச் சமையல்கட்டுல, உன் கையில, துணியில என்னென்ன இருக்கு? அதெல்லாமும் சூப்புக்கு வந்திருக்கும். நீ மருந்தக் கொட்டியிருக்க. சாகறது செத்துரும், மருந்துக்கு அசையாதது மட்டும் நிக்கும். அதுக்கு நீ தெனம் சோறு போட்டு வளர்த்திருக்க."

அவன் முகத்தில் ஒரு நிமிடம் ஏதோ ஓடியது. பிறகு அது மறைந்து பழைய வீம்பு வந்து உட்கார்ந்தது.

"உனக்கு வயித்தெரிச்சல்க்கா. நீ வருஷக்கணக்கா உள்ள பூட்டி வெச்சிருக்க. யாரு பாத்தா? நான் காட்டினேன், புள்ளைங்க வாயப் பொளந்து நிக்குது. உன் சரக்குக்கு இப்பத்தான் ஒரு மரியாதையே வந்திருக்கு."

ஓங்கி அறைந்துவிடுவோமோ என்று அவளுக்கே பயமாக இருந்ததால் கைக்கு வேறு வேலை கொடுத்தாள். கழிவறையிலிருந்து ப்ளீச் பாட்டிலை எடுத்து வந்து ஒவ்வொரு பாட்டிலிலும் ஊற்றினாள். பச்சை செத்து வெளுத்தது. அம்மா புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அவன் பொழப்புல மண்ண அள்ளிப் போடறா" என்று புலம்பினாள். ஒரே ஒரு பாட்டிலை மட்டும் ஊற்றாமல் மூடி, பிளாஸ்டிக் பையில் சுற்றி, அதை இன்னொரு பையில் போட்டு எடுத்துக்கொண்டாள்.

லேபில் அதிலிருந்து ஒரு துளியை மருந்து கலந்த வளர்ப்புத் தட்டில் கோடுகோடாகத் தடவி வளர வைத்தாள். மறுநாள் தட்டைத் திறக்காமலே தெரிந்தது. நீல விளக்கின் கீழ் அவளுடைய மஞ்சள்பச்சைப் புள்ளிகள் அங்கங்கே நின்றன, திருவிழாவில் தொலைந்த பிள்ளைகள் மாதிரி. அவற்றைச் சுற்றி ஒளிராத கூட்டம். கொழகொழவென்று வெளுத்துப் பருத்தவை ஒரு வகை. சின்னதாக, பொன்னிறமாக, உருண்டையாக இன்னொரு வகை. மருந்து போட்ட தட்டில் அத்தனையும் சௌக்கியமாக வளர்ந்திருந்தன.

தட்டை ஒட்டி மூடி, லேப் தலைவரின் அறைக்குப் போனாள். நடந்ததை மறைக்காமல் சொன்னாள். அவர் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவருக்கு எல்லாம் உடனே புரிந்தது. எல்லாம் புரிந்தும் அப்படிப் பேசினாரே என்பதுதான் அவளுக்குப் பிறகு பொறுக்கவில்லை.

"எத்தனை பேருக்குத் தெரியும்?"

"என் வீட்டுக்கு. இப்ப உங்களுக்கு."

"அப்ப நீராவியில போட்டு அழிச்சுட்டு மறந்துடுங்க. காப்புரிமைக்குக் குடுத்திருக்கோம். இந்த நேரத்துல இந்தக் கிருமி பிறந்தநாள் வீட்டுல சுத்துச்சுன்னு வெளிய போனா, நீங்களும் நானும் காலி."

"அந்தப் புள்ளைங்களோட வீட்டுக்குச் சொல்லணும் சார்."

"என்னன்னு சொல்லுவீங்க? யாருக்காவது ஏதாவது ஆச்சா?"

அவர் கேட்டதற்கு விடை அன்று மத்தியானமே வந்தது. குட்டியின் வகுப்புப் பெற்றோரின் செல்போன் குழுவில் பிறந்தநாள் குழந்தையின் அம்மா எழுதியிருந்தார். கேக் வெட்டும்போது மகளுக்கு விரலில் கீறியதாம். இப்போது கை மணிக்கட்டு வரை வீங்கிக் காய்ச்சல் அடிக்கிறதாம். மருந்து கொடுத்தும் இறங்காமல் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். எல்லாரும் பிரார்த்தனை செய்யுங்கள் என்று கேட்டிருந்தார். கீழே கைகூப்பிய பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்துகொண்டிருந்தன.

அவள் செல்போனைத் தலைவர் முன் நீட்டினாள். அவர் படித்துவிட்டு, "கீறல் எங்க வேணாலும் சீழ் பிடிக்கும்" என்றார்.

"எந்த மருந்து வேலை செய்யாதுன்னு இந்தத் தட்டு சொல்லுது சார். அங்க அதையேதான் குடுத்துட்டிருப்பாங்க."

"நீங்க போனா நீங்களாத்தான் போறீங்க. நான் அனுப்பல."

"பூசி மெழுகறதுக்கு வேற ஆளப் பாருங்க," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அவரிடம் அப்படிப் பேசுவது அதுதான் முதல் தடவை. குரல் நடுங்கவில்லை என்பது படியிறங்கும்போதுதான் உறைத்தது.

நேரே தம்பி வீட்டுக்குப் போய் அவனைக் காரில் ஏறச் சொன்னாள். விஷயத்தைக் கேட்டதும் அவன் வெளிறிப்போனான். அம்மா வாசலில் வந்து காரின் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"போலீஸ் கேஸாயிடும்டி. ஒரே வயித்துல பொறந்தவன நீயே காட்டிக் குடுப்பியா? நீ மட்டும் போய் உன் டாக்டர் பாஷையில சொல்லிட்டு வா. இவன் பேர எடுக்காத."

"அந்தக் கொழந்தை எந்த வயித்துலம்மா பொறந்துச்சு? கதவ விடு."

அம்மா விட்டாள். வழியெல்லாம் தம்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தான். ஒரு சிக்னலில், "நீ எங்கிட்ட ஒழுங்காச் சொல்லியிருக்கணும்க்கா, இதுல இவ்ளோ இருக்குன்னு" என்றான். அவள் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தாள். இப்போது வாயைத் திறந்தால் வண்டி ஓட்ட முடியாது என்று தெரிந்ததால் திறக்கவில்லை.

குழந்தைகள் வார்டில் அந்தச் சிறுமி கண்மூடிப் படுத்திருந்தாள். வலது கையில் கட்டு, இடது கையில் ஊசிக்குழாய். பக்கத்தில் அவளுடைய அம்மா. குட்டியின் பள்ளியில் கணக்கு டீச்சர்; சத்தமே போடாதவர் என்று பெயர். இருவரையும் பார்த்ததும், நலம் விசாரிக்க வந்திருக்கிறார்கள் என்று எண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அவள் உட்காரவில்லை. முதலில் டாக்டரைக் கூப்பிடச் சொன்னாள். வந்தவர் இளம்பெண். சீல் வைத்த டப்பாவில் இருந்த தட்டைக் கொடுத்து, எது கலந்தது, எந்த மருந்துக்கு எது சாகவில்லை என்று சுருக்கமாகச் சொன்னாள். டாக்டர் குறுக்கே இரண்டு கேள்வி கேட்டார். அங்கே கொடுத்துக்கொண்டிருந்ததும் அதே குடும்பத்து மருந்துதான். "சீழ எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்கோம். ரிசல்ட் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இப்பவே மாத்திடறேன்" என்று தட்டோடு போனார்.

டீச்சர் எழுந்து நின்றிருந்தார். "என்ன கலந்தது? எதுல?"

அவள் தம்பியைப் பார்த்தாள். "சொல்லு."

மேடையில் நிற்கும்போது வரும் அந்தச் சிரிப்பு தானாக அவன் வாயில் வந்துவிட்டது. பாவம், பழக்கதோஷம். "ஒரு சின்ன தப்பு நடந்துபோச்சு மேடம்" என்று தொடங்கினான்.

"சிரிச்சுக்கிட்டே சொல்றீங்க," என்றார் டீச்சர், அதே மெல்லிய குரலில். "என் பொண்ணு காலையிலேர்ந்து கண்ணத் தொறக்கல. நீங்க சிரிச்சுக்கிட்டே சொல்றீங்க."

அதற்குப்பிறகு அவன் சிரிக்காமல் சொன்னான். பஞ்சுக் குச்சி, சூப், மாத்திரை, பாட்டில், எல்லாம். டீச்சர் கடைசிவரை கேட்டார். பிறகு அவளிடம் திரும்பி, "உங்க லேப்ல இருந்துதானே வந்துச்சு?" என்றார்.

"ஆமாங்க."

"வெளிய போங்க. ரெண்டு பேரும்."

போனார்கள். அன்று மாலை உட்கார்ந்து, விழாவுக்கு வந்த ஒவ்வொரு வீட்டுக்கும் அவளே போன் செய்தாள். கீறல், புண், காய்ச்சல் இருந்தால் உடனே டாக்டரிடம் போங்கள், இதைச் சொல்லுங்கள் என்றாள். சிலர் நன்றி சொன்னார்கள். ஓர் அப்பா வாய்க்கு வந்தபடி திட்டினார். இனி உங்கள் பெண்ணோடு எங்கள் பிள்ளை விளையாட வேண்டாம் என்றாள் ஒருத்தி. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அடுத்த அறையில் குட்டி கார்ட்டூன் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மருந்து மாற்றியதும் சிறுமிக்குக் காய்ச்சல் இறங்கியது. விரலைக் கீறிச் சீழ் எடுத்தார்கள். விரல் பிழைத்தது, தழும்பு மட்டும் நின்றது. சீழில் வளர்ந்தது தட்டில் இருந்த அந்தப் பொன்னிறக் கிருமியின் வகைதான். ஆனால் அந்த வகை யார் மூக்கிலும் தோலிலும் இருக்கும், இங்கிருந்துதான் போனது என்று அடித்துச் சொல்ல முடியாது என்று டாக்டர் நேர்மையாகச் சொன்னார். தம்பி அந்த ஒரு வாக்கியத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். பேசுகிற இடத்திலெல்லாம் "டாக்டரே உறுதியாச் சொல்லல" என்கிறான்.

நிறுவனத்தில் விசாரணை வைத்தார்கள். வெளி ஆளை லேபில் தனியாக விட்டது அவள் கவனக்குறைவு என்றார்கள். அவள் ஒப்புக்கொண்டாள். தட்டை அழித்துவிட்டு மறந்துவிடச் சொன்னார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றாள். அறிக்கையில் அந்த வரி மட்டும் வரவில்லை. லேபுக்குள் நுழையக் கூடாது என்று தடை. மேல்மாடியில் ஓர் அலுவலக அறையில் அவளை உட்கார வைத்தார்கள். அவளுடைய பிளாஸ்மிட்டை இப்போது வேறொருவர் வளர்க்கிறார். சந்தேகம் வந்தால் கூச்சத்தோடு மேலே ஏறிவந்து கேட்பார். அவள் சொல்லிக் கொடுப்பாள். அவர் படியிறங்கிப் போனபிறகு கொஞ்ச நேரம் மேசையையே முறைத்துக்கொண்டிருப்பாள்.

அம்மா போன் செய்வதை நிறுத்தவில்லை. "அவன் இப்ப அந்த வித்தையே பண்றதில்லடி. பொழப்பு பலூனோட நிக்குது. இன்னும் என்ன உனக்கு?"

"இன்னும் ஒண்ணும் ஆரம்பிக்கலம்மா. அவன் எங்கிட்ட ஒரு வார்த்த பேசினானா? நீ பேசிட்டிருக்க."

ஒருநாள் பள்ளி வாசலில் குட்டிக்காகக் காத்திருந்தபோது கணக்கு டீச்சர் வெளியே வந்தார். பார்த்தும் பார்க்காததுபோல் போய்விடுவார் என்று நினைத்து அவள் தலையைக் குனிந்துகொண்டாள். டீச்சர் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீங்க வந்து சொல்லலேன்னா என்ன ஆயிருக்கும்னு டாக்டர் சொன்னாங்க. அதுக்காக உங்க மேல கோபம் போயிடுச்சுன்னு சொல்ல வரல."

"சொல்ல வேண்டாங்க. எனக்கே போகல."

"யார் மேல?"

அவள் யோசித்தாள். தம்பி, அம்மா, தலைவர், அறிக்கை எழுதியவர்கள் என்று ஒவ்வொரு முகமாக வந்தது. கூடவே, சாப்பாட்டு மேசையில் பெருமையாக விளக்கம் சொன்ன தன் முகமும்.

"எங்கேர்ந்து ஆரம்பிக்கறதுன்னு தெரியலங்க."

டீச்சர் தலையாட்டினார். மணி அடித்தது. பிள்ளைகள் கூட்டமாக வெளியே பாய்ந்து வந்தார்கள். இருவரும் அந்தக் கூட்டத்தில் அவரவர் பிள்ளையைத் தேடத் தொடங்கினார்கள்.